வெட்டிய படமும் விழும் நிழலும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒருவர் இயற்கை எய்தினால், முப்பத்தோராம் நாளில் நடைபெறும் அந்தியேட்டிக் கிரியையோடு ஒரு சிறு நூல் வெளிவருவது நெடுநாள் வழக்கம். அதனைக் கல்வெட்டு என்று அழைக்கின்றோம். அது கல்லிலே வெட்டப்பட்டதன்று, தாளிலே அச்சிடப்பட்டது. ஆயினும் அழியாமல் நிற்கவேண்டும் என்னும் விருப்பம் அப்பெயரிலே பொதிந்திருக்கின்றது. தேவார திருவாசகங்களும், மறைந்தவரின் வாழ்க்கை வரலாறும், வம்சாவளியும், இரங்கற் பாக்களும் அதனுள் இடம்பெறும். அட்டையைத் திருப்பியவுடன் முதற் பக்கத்திலே அவருடைய படம் இருக்கும். அப்படம் பல வேளைகளில் நீள்வட்டமாகவோ, ஆளுருவின் விளிம்பை ஒட்டியோ வெட்டப்பட்டிருக்கும். அதன் கீழே, சற்று வலப்புறம் சரிந்து, மென்மையான சாம்பல் நிற நிழல் ஒன்று விழுந்திருக்கும். அந்த நிழலினாலே படம் தாளிலிருந்து ஒரு நூலளவு மேலெழுந்து நிற்பதுபோலத் தோன்றும்.

இந்த வெட்டையும் இந்த நிழலையும் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன். இது அலங்காரம் பற்றிய பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் மண்ணிலே படத்தை வெட்டுதல் என்பது சிறிய காரியமன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் தம் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் செல்ல முடிந்தவை சிலவே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கியபோது, அதுவும் முடியவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்களும் பெட்டியில் வைத்திருந்த அல்பங்களும் எத்தனையோ குடும்பங்களிடம் இன்று இல்லை. ஒருவர் மறைந்தபின் அவர் படத்தைத் தேடினால், யாரோ உறவினரின் திருமணக் கூட்டுப் படத்திலே, பின் வரிசையிலே, மூன்றாவது ஆளாக அவர் நிற்பார். அந்த ஒரு படம் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்து சேரும். அதிலிருந்து அவரை வெட்டியெடுத்துத் தனியாக நிறுத்தவேண்டும். இன்று இதனைச் செய்பவர் அச்சகத்திலே கணினி முன் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ ஆவர். அவர்களிற் பலர் எங்கள் பாடசாலைகளிலிருந்து வெளியேறிய மாணவர்களே. ஆகவே அவர்கள் இவ்வேலையைப் பொருளறிந்து செய்கின்றார்களா என்பது ஓர் அதிபருக்கும் உரிய கவலையாகும்.

முதலிலே நிழல் என்பதன் இயல்பைச் சற்று நோக்குவோம். இதற்குக் கணினி வேண்டியதில்லை. முற்றத்திலே ஒரு கோலை நட்டால் போதும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதேமுக்காற் பாகையில் இருக்கின்றது. ஆதலால் ஆண்டுக்கு இருமுறை சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருகின்றது. அவற்றுள் ஒன்று ஏப்ரல் மாத நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலே நிகழ்கின்றது. அன்று நண்பகல் 12 மணி கடந்து சில நிமிடங்களில் நேராக நட்ட கோலுக்கு நிழலே இராது. நிழல் இல்லாமற் போய்விட்டதா என்றால், இல்லை. அது கோலின் அடியிலே மறைந்துவிட்டது. பொருளிலிருந்து நிழல் எவ்வளவு விலகி விழுகின்றது என்பது ஒளி வரும் திசையைப் பொறுத்தது என்னும் பாடத்தை அந்தக் கோல் கற்பிக்கின்றது. இது நிழலின் முதற் பண்பாகிய விலகல்.

இனி மாலை வேளையிலே ஒரு பனையின் நிழலைப் பாருங்கள். அடிமரத்தின் நிழல், மரத்தின் அருகே கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவான விளிம்போடு கிடக்கும். அதே மரத்தின் வட்டின் நிழலோ, தொலைவிலே, ஓலை எது, இடைவெளி எது என்று பிரித்தறிய முடியாதபடி மங்கிக் கிடக்கும். சூரியன் ஒரு புள்ளியாக அன்றி, அரைப்பாகை அகலமுள்ள வட்டமாக எமக்குத் தோன்றுவதே இதற்குக் காரணம். நிழலின் விளிம்பிலே சூரியனின் ஒரு பகுதி மறைந்தும் மறுபகுதி தெரிந்தும் நிற்பதால், அங்கே அரை நிழல் உண்டாகின்றது. பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் இடையே நூறு அடி தொலைவு இருந்தால், அந்த மங்கல் ஏறக்குறைய ஓர் அடி அகலம் இருக்கும். இது நிழலின் இரண்டாம் பண்பாகிய மென்மை. நிழல் ஒருபோதும் முழு இருட்டு அன்று. வானத்தின் ஒளி அதனுள்ளும் புகுவதால், நிழலிற் கிடக்கும் மணலின் நிறம் தெரியத்தான் செய்கின்றது. இது மூன்றாம் பண்பாகிய அடர்த்தி. விலகல், மென்மை, அடர்த்தி என்னும் இம்மூன்றையும் குறித்துக்கொண்டால், கணினியிலே நிழல் வரைவதற்கு வேண்டிய அறிவிற் பாதி கைவந்துவிட்டது.

கணினிக்குப் படம் என்பது எண்களின் நிரல். மூன்று அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் உள்ள ஒரு படத்தை, அச்சுக்கு ஏற்றவாறு அங்குலத்துக்கு 300 புள்ளிகளாகப் பகுத்தால், அகலத்தில் 900, உயரத்தில் 1,200, ஆக 10 இலட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவு, 0 முதல் 255 வரை உள்ள எண்களாற் குறிக்கப்படுகின்றது. இவற்றோடு நான்காவதாக இன்னோர் எண்ணும் உண்டு. அப்புள்ளி எவ்வளவு தூரம் ஒளிபுகவிடாது நிற்கின்றது என்பதை அது சொல்லும். அதற்கு அல்பா என்று பெயர். 1977ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூயோர்க் தொழினுட்ப நிறுவனத்திலே அல்வி ரே சிமித், எட் கற்மல் என்னும் இருவர் இதனைப் படத்தின் ஓர் உறுப்பாகவே அமைத்தனர். 1984இல் தோமஸ் போட்டர், டொம் டவ் என்னும் இருவர், ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை வைக்கும் வழிகளையெல்லாம் கணித முறைப்படி வகுத்து வெளியிட்டனர். இன்று எங்கள் அச்சகங்களிலுள்ள கணினிகளும் அந்தக் கணக்கின் வழியிலேயே இயங்குகின்றன.

அந்தக் கணக்கு கடினமானதன்று. வெள்ளைத் தாளின் ஒளியை 255 என்று கொள்வோம். அதன்மேல் நூற்றுக்கு 40 பங்கு அடர்த்தியுள்ள கறுப்பு நிழல் விழுந்தால், தாளின் ஒளியில் நூற்றுக்கு 60 பங்கே எஞ்சும், அது 153. நிழலின் விளிம்பிலே அடர்த்தி 20 ஆகக் குறைந்தால், எஞ்சுவது 204. இவ்வாறு 153 இலிருந்து 255 வரை படிப்படியாக ஏறும் எண்களே கண்ணுக்கு மென்மையான நிழலாகத் தோன்றுகின்றன. இந்தப் படிகளை உண்டாக்குவதற்கு, ஒவ்வொரு புள்ளியையும் அதன் அயற் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி காண்கின்றார்கள். அருகிலுள்ள புள்ளிக்கு மிகுந்த மதிப்பும், தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பும் அளிப்பார்கள். அந்த மதிப்புகளின் ஏற்ற இறக்கம் கவுஸ் என்னும் செர்மானியக் கணித மேதையின் பெயரால் வழங்கும் மணி வடிவ வளைகோட்டைப் பின்பற்றுகின்றது. 21 புள்ளி அகலமும் 21 புள்ளி உயரமும் உள்ள அயலை நேராகக் கணித்தால், ஒரு புள்ளிக்கு 441 பெருக்கல்கள் வேண்டும். முதலிற் கிடையாகவும் பின்னர் நிலைக்குத்தாகவும் இருமுறை கணித்தால், 42 பெருக்கல்களே போதும், விடையோ ஒன்றே. மேலே கூறிய படத்துக்கு இது 47 கோடிக்கும் 4 கோடியே 53 இலட்சத்துக்கும் உள்ள வேறுபாடு. பழைய கணினியையே வைத்துக்கொண்டு தொழில் செய்யும் சிற்றூர் அச்சகத்துக்கு இந்தச் சிக்கனம் பெரிதன்றோ?

இனி வெட்டுக்கு வருவோம். கணினி ஓவியத்திலே வெட்டு என்பது கத்தரிக்கோலின் வேலை அன்று, வேலியின் வேலை. ஓர் எல்லையை வகுத்து, "இதற்குள்ளே மாத்திரமே மை படலாம்; வெளியே எது வந்தாலும் ஏற்காதே" என்று கணினிக்குக் கட்டளை இடுகின்றோம். இந்தச் சிந்தனை கணினி ஓவியத்தின் பிறப்போடு பிறந்தது. 1963இல் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே ஐவன் சதர்லன்ட் என்னும் ஆய்வு மாணவர், ஒளிப்பேனாவினால் திரையிலே கோடு வரையும் முறையைச் செய்து காட்டினார். வரைபடம் திரையைவிடப் பெரிதாயின், திரைக்கு வெளியே செல்லும் பகுதியை நீக்கவேண்டுமல்லவா? அதற்கான வழிகள் பின்னர் ஒவ்வொன்றாக வகுக்கப்பட்டன. 1974இல் அவரும் கரி ஹொட்ஜ்மனும், ஒரு பல்கோண உருவை எல்லையின் ஒவ்வொரு பக்கத்தாலும் முறையே வெட்டிச் செல்லும் வழியை வெளியிட்டனர். 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சுமொழியிலே, வளைகோடுகளால் ஆன எந்த வடிவத்தையும் வேலியாக நிறுத்தும் வசதி அமைந்தது. அட்டையிலே நீள்வட்டமாக நிற்கும் படம் அந்த வசதியின் பேறாகும்.

அம்மொழியிலே வேலிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒருமுறை போட்ட வேலியை மேலும் ஒடுக்கலாம். எளிதில் விரிக்க முடியாது. இரண்டாவது வேலி போட்டால், இரண்டுக்கும் பொதுவான நிலமே எஞ்சும். பழைய பரப்பு மீண்டும் வேண்டுமாயின், வேலி போடுவதற்கு முன்பே "இப்போதைய நிலையைச் சேமித்து வை" என்று கட்டளையிட்டு, வேலை முடிந்தபின் "சேமித்த நிலைக்குத் திரும்பு" என்று கூறவேண்டும். அதற்குப் பின் வந்த பல வரைகலை முறைகளும் இதே ஒழுங்கைக் கைக்கொண்டன. எல்லை வேலிக்காக வழக்காடிப் பழகிய எங்கள் ஊர் மக்களுக்கு, பழைய எல்லைக்கு எழுத்திலே ஒரு பதிவு வேண்டும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. எங்கள் பாடசாலையின் கணினி அறையிலே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, பரிசளிப்பு விழா மலருக்காக ஒரு படத்தை வட்டமாக வெட்டினாள். பின்னர் அதற்கு நிழல் இடுமாறு கட்டளை எழுதினாள். படம் வட்டமாக வந்தது, நிழல் வரவில்லை. கட்டளையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நிழலை இன்னும் கறுப்பாக்கினாள், இன்னும் விலக்கினாள், அப்போதும் வரவில்லை. "சேர், கணினி நான் சொன்னதைக் கேட்கவில்லை" என்று தன் ஆசிரியரிடம் முறையிட்டாள். "பிள்ளை, அது நீர் சொன்னதை எழுத்துப் பிசகாமற் கேட்டிருக்கின்றது. அதனாலேதான் நிழல் இல்லை" என்றார் ஆசிரியர்.

அவர் கூறியதன் பொருள் இதுவே. எங்கள் வளவிலே வேலி ஓரத்தில் ஒரு மாமரம் நிற்கின்றது. கிளை வேலியைத் தாண்டினால் அயலவர் வழக்குப் பேசுவார். நிழல் தாண்டினால் எவரும் பேசுவதில்லை. இயற்கையின் வேலி நிழலைத் தடுப்பதில்லை. கணினியின் வேலியோ நிழலையும் தடுக்கும். ஏனெனில், கணினிக்கு நிழலும் மையே. நிழல் என்பது பொருளின் எல்லைக்கு வெளியே விழவேண்டியது. வெளியே எந்த மையும் படலாகாது என்று வேலி போட்டபின், அந்த வேலி நிற்கும்போதே நிழலை வரையச் சொன்னால், கணினி நிழலை வரைந்து, வெளியே விழும் பகுதியை முழுவதும் நீக்கிவிடுகின்றது. எஞ்சிய நிழல் படத்தின் அடியிலே மறைந்து கிடக்கின்றது. சித்திரை நண்பகலிலே கோலின் அடியில் மறைந்த நிழலைப் போலவே, அது இருந்தும் தெரியவில்லை.

இது ஒரு கணினியின் குறையன்று. பல முறைகளுக்கும் பொதுவான விதி. 2001இல் உலகளாவிய வலைச் சங்கம் ஏற்றுக்கொண்ட எஸ்.வி.ஜி. என்னும் வரைகலை மொழியிலே, ஒரே உருவுக்கு நிழல் முதலிய விளைவுகளையும் வெட்டையும் சேர்த்து விதித்தால், விளைவு முதலிலும் வெட்டு அதன் பின்னரும் நிகழவேண்டும் என்பது வரையறை. ஆகவே நிழல் உண்டாகி, உடனே வெட்டுண்டு போகும். 2004இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திப் பின்னர் எங்கும் பரவிய கன்வஸ் என்னும் வரைபலகையிலும், நிழல் வேலிக்குள்ளேயே அடங்கவேண்டும். அந்நிறுவனம் 2007இல் வெளியிட்ட கோர் அனிமேஷன் முறையிலும், உள்ளடக்கத்தை எல்லையோடு வெட்டுமாறு விதித்த படலத்துக்கு வெளிநிழல் தோன்றாது. நிழலைக் காணாது திகைத்தவர்கள் உலகெங்கும் இருக்கின்றார்கள். எங்கள் மாணவி தனித்தவள் அல்லள்.

பரிகாரம் எளிது. படத்தையும் நிழலையும் ஒரே கையில் ஒப்படைக்காமல், இரண்டு கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். அதற்கு இரு வழிகள் உள.

முதலாவது வழி வரையும் ஒழுங்கைப் பற்றியது. வேலி போடுவதற்கு முன்னரே, வெட்ட எண்ணிய அதே வடிவத்தை, அதாவது அதே நீள்வட்டத்தை, ஒரு நிறத்தால் நிரப்பி, அதற்கு நிழல் இடுக. இப்போது தடை ஏதும் இல்லாமையால் நிழல் வெளியே நன்றாக விழும். அடுத்து, நிழற் கட்டளையை நிறுத்துக. பின்னர் நிலையைச் சேமித்து, நீள்வட்டத்தை வேலியாக்கி, படத்தை அதற்குள் வரைக. படம் நிரப்பிய நிறத்தை முழுவதும் மூடிவிடும். இறுதியிலே சேமித்த நிலைக்குத் திரும்புக. நிழலைத் தந்தது ஒன்று, முகத்தைத் தந்தது இன்னொன்று. பார்ப்பவருக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இரண்டாவது வழி அடுக்குகளைப் பற்றியது. உள்ளே ஒரு பெட்டி, அதனைச் சூழ வெளியே ஒரு பெட்டி. உட்பெட்டிக்கு வெட்டு மாத்திரம். வெளிப்பெட்டிக்கு நிழல் மாத்திரம். உட்பெட்டி படத்தை வெட்டி முடித்து, வெட்டிய வடிவத்தை வெளிப்பெட்டியிடம் ஒப்படைக்கின்றது. வெளிப்பெட்டி தன்னிடம் வந்த வடிவத்துக்கு நிழல் இடுகின்றது. அதற்கு வேலி இல்லை. ஆளுருவின் விளிம்பை ஒட்டி வெட்டிய படங்களுக்கு இதுவே சிறந்த வழி. தோளின் வளைவும், கொண்டையின் வடிவும், காதணியின் தொங்கலும் நிழலிலே தாமாகவே அமைந்துவிடும்.

இரண்டு வழிகளுக்கும் உயிராய் நிற்பது ஒரே உண்மை: நிழல் வெட்டப்பட்ட வடிவத்துக்கு உரியது, ஆயினும் அது வாழும் இடம் வெட்டுக்கு வெளியே. இதனை உணர்ந்த மாணவர், நாளை வேறு மென்பொருள் வந்தாலும், வேறு மொழி வந்தாலும், திகைக்க மாட்டார். கட்டளைகளை மாத்திரம் மனனஞ் செய்தவர், கட்டளை மாறிய அன்றே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

வெட்டிய உருவின் நிழல் அவ்வுருவையே பின்பற்றவேண்டும் என்பதை எங்கள் முன்னோர் கணினி இன்றியே அறிந்திருந்தனர். கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியிலே பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தைத் தழுவி நடைபெறும் தோற்பாவைக் கூத்தை எண்ணிப் பாருங்கள். தோலை உருவமாக வெட்டி, அணிகலன்களுக்காக நுண்ணிய துளைகளையும் இடுகின்றார்கள். விளக்கொளியிலே திரையில் விழும் நிழலில், வெளிவிளிம்பு மாத்திரமன்றி ஒவ்வொரு துளையும் ஒளிப்புள்ளியாகத் தெரியும். அல்பா என்னும் நான்காம் எண் செய்யும் வேலையும் அதுவே. மேல்நாட்டிலோ, 1759இல் பிரான்சு நாட்டின் நிதியமைச்சராய் இருந்த சில்வெற் என்பவரின் பெயர், கறுப்புத் தாளில் வெட்டிய மலிவான நிழலுருவப் படங்களுக்கு வழங்கலாயிற்று. ஓவியனுக்குப் பொருள் கொடுக்க இயலாதவர், தம் முகத்தின் நிழலையே வெட்டிப் படமாக வைத்துக்கொண்டனர்.

இனி, இத்தொழிலில் ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்குச் சில நுணுக்கங்களைச் சொல்ல விரும்புகின்றேன். நிழலுக்கு இடம் விடுங்கள். மங்கல் பத்துப் புள்ளிகள் வரை பரவுமாயின், படத்தின் நான்கு புறமும் பத்துப் புள்ளி வெற்றிடம் வேண்டும். நிழல் வலப்புறம் பன்னிரண்டு புள்ளி விலகுமாயின், அப்புறத்தில் இருபத்திரண்டு வேண்டும். இல்லையேல், மெல்லக் கரையவேண்டிய நிழல் சுவரில் மோதியதுபோல நேர்கோட்டில் நின்றுவிடும். நிழலைச் சாம்பல் நிற மையாகப் பூசாதீர்கள்; ஒளி ஊடுருவும் கறுப்பாக இடுங்கள். பூவேலை செய்த கரையின்மேல் நிழல் விழுந்தால், பூக்கள் நிழலுக்குள்ளும் தெரியவேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு படங்கள் இருந்தால், இரண்டு நிழல்களும் ஒரே திசையில் விழட்டும். ஒரு வானத்துக்கு ஒரு சூரியனே. சில முறைகளிலே வேலி என்பது உள்ளே, வெளியே என்னும் இரண்டையே அறியும், அரைகுறை அறியாது. அதனால் வளைந்த விளிம்பு படிக்கட்டுப்போலத் தோன்றும். அங்கே வேலியைக் கைவிட்டு, 0 முதல் 255 வரை படிப்படியாக மாறும் மறைப்புத் திரையைப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றினும் கடினமானது ஒன்று உண்டு. கூட்டுப் படத்திலிருந்து ஒருவரை வெட்டும்போது, விளிம்பிலே பக்கத்தில் நின்றவருடைய சேலையின் நிறம் நூலளவு ஒட்டிக்கொண்டு வரும். எல்லையை ஒன்றிரண்டு புள்ளிகள் உள்ளே தள்ளினால் அது நீங்கிவிடும். ஆனால் சில படங்களிலே, பக்கத்தில் நின்றவரின் கை மறைந்தவரின் தோள்மேல் இருக்கும். அந்தக் கை தங்கையினுடையதோ, தோழனுடையதோ ஆகலாம். தோளை வெட்டினால் உருவம் குறைபடும். விட்டுவிட்டால் உடலில்லாத கை ஒன்று தோளில் தங்கும். அழித்துத் துணியின் நிறத்தைப் பூசுவது இன்றைய மென்பொருளுக்கு ஒரு நிமிட வேலை. செய்யலாமா என்பது மென்பொருள் விடை சொல்லும் வினா அன்று. குடும்பத்தாரைக் கேட்டுச் செய்யவேண்டியது அது. "அந்தக் கை அப்படியே இருக்கட்டும்" என்று கூறும் தாயார்களும் இருக்கின்றார்கள்.

எந்த முடிவை எடுத்தாலும், மூலப் படத்தைக் கெடுக்காதீர்கள் என்பதே எனது வேண்டுகோள். வேலி முறையின் பெருஞ்சிறப்பு இதிலேதான் இருக்கின்றது. கத்தரிக்கோல் வெட்டினால் வெட்டியது வெட்டியதே. வேலி, படத்தை மறைக்கின்றதே அன்றி அழிப்பதில்லை. வேலியை எடுத்தால் மணமக்களும், சுற்றமும், பின்னால் நின்ற பந்தற்காலும் திரும்பத் தோன்றும். ஆனால் வெட்டிய பின் எஞ்சியதை மாத்திரம் சேமித்து, மூலக் கோப்பின் பெயரிலேயே பதிந்துவிட்டால், அந்தச் சிறப்பு பாழாகிவிடும். அந்தக் கூட்டுப் படத்திலே நிற்கும் மற்றவர்களுக்கும், ஒருநாள், அதுவே எஞ்சிய ஒரே படமாக இருக்கக்கூடும்.

ஆதலால் படம் கையிற் கிடைத்தவுடன், முதல் வேலையாக அதனை முழுமையாக, அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் வருடி, தரம் குன்றாத கோப்பாகச் சேமியுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுதியிருக்கும் பெயர்களையும் நாளையும் அவ்வாறே வருடுங்கள். வெட்டும் வேலை முழுவதும் படியிலே நடக்கட்டும். வேலை முடிந்தபின் மூலத்தின் படியொன்றைக் குடும்பத்தாரிடம் ஒப்படையுங்கள். அச்சிட்ட கல்வெட்டின் ஒரு பிரதியையும் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்குமாறு அவர்களுக்குச் சொல்லுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே, ஈழத்து நூல்களோடும் இதழ்களோடும் இத்தகைய நினைவு வெளியீடுகளும் சேர்த்துப் பாதுகாக்கப்படுகின்றன. ஊர்களின் வரலாற்றையும் குடும்பங்களின் வழியையும் நாளை எழுதப் புகுபவருக்கு அவை பெருந்துணையாகும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். படத்தை வெட்டி நிழல் இடும் பயிற்சியைக் கொடுக்கும்போது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நின்றுவிடாதீர்கள். மாணவரை முற்றத்துக்கு அழைத்துச் சென்று பனையின் நிழலைக் காட்டுங்கள். வேலிக்கு அப்பால் விழும் மாநிழலைக் காட்டுங்கள். அதன்பின் கணினி முன் அமர்த்துங்கள். நிழல் ஏன் மறைந்தது என்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். அப்படிக் கண்டுபிடித்த பிள்ளையின் கையிலே ஒரு குடும்பத்தின் ஒரே படத்தை நம்பிக் கொடுக்கலாம்.